எட்டரை மணிக்கு யாரு வரணும், மாப்ளே?

மாப்ளே, மூஞ்சியப் பாத்து வருகை போடற மெசினு வாங்கி மாட்டுனது ரொம்ப நல்ல காரியம். அதுக்கு ஒரு பொட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் வெட்டிச் சூடம் காட்டு. உன்ற பனியன் கம்பெனியில காத்தால எட்டரைக்கு டாண்ணு நிக்கறது அது ஒண்ணுதான். மரியாதை பண்ணித்தான் ஆகோணும்.

அன்னைக்கு வந்து திண்ணையில உக்காந்து பொலம்புனியே, "ஆளுங்க நேரத்துக்கு வர்றதில்லீங் மாமா, வந்தாலும் வேலை ஓடறதில்லீங்"னு. நானும் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டேன். மொதலாளி ஆனவன் ஊட்டுக்கு வந்து அழுவறப்ப எதுத்துப் பேசக் கூடாது பாரு. அதுவுமில்லாம, பதினோரு மணிக்கு வர்றேன்னு தாக்கல் சொல்லிப்போட்டு மூணு மணிக்கு வந்தவங்கிட்ட நேரத்தப் பத்தி என்னத்தப் பேசறது? உங்க அத்தை கோழிக்கொழம்ப மூணாவது தடவை சூடு பண்ணறப்பதான் உன்ற காரு இட்டேரிக்குள்ள திரும்புச்சு. ஆனாலும் கேட்டதுக்குப் பதில் சொல்லாம உட்டா நல்லா இருக்காது. சாவகாசமா இருக்கறேன், சொல்றேன் கேளு.

மொதல்ல மெசின் கதை. என்ற பேரன் போனைத் தட்டிப் படிச்சுக் காட்டுனான். 1888ல அமெரிக்காவுல ஆபர்ன்ங்கற ஊர்ல வில்லார்ட் பண்டின்னு ஒரு நகைக்கடைக்காரரு, ஆளு வர்ற நேரத்தக் காகிதத்துல பதிக்கற கடிகாரம் ஒண்ணு செஞ்சாராம். ஆளுக்கொரு சாவி, சாவிக்கொரு நம்பரு. நொழைச்சுத் திருப்புனா வந்த மணி காகிதத்துல உழுந்துரும். அந்தக் கம்பெனி அதோட சேந்து இதோட சேந்து, கடைசியில ஐபிஎம்முக்குள்ள போயி அடங்கிருச்சு. அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் மெசினு வித்தவன் எல்லாரும் சௌக்கியமா இருக்கறான். வாங்கி மாட்டுனவன்தான் யாரு ஊட்டுத் திண்ணையிலயாவது உக்காந்து பொலம்பறான்.

அதுக்கும் முந்தி இங்கிலாந்துல மெசினே இல்லாமச் சமாளிச்சிருக்கறானுங்க. மில்லு மொதலாளிங்க சில பேரு காத்தால கடிகார முள்ள முன்னால தள்ளி வெச்சுக்குவாங்களாம், பொழுதெறங்கறப்பப் பின்னால இழுத்து உட்டுருவாங்களாம். பையில சொந்தக் கடிகாரம் வெச்சிருந்தா அதையும் புடுங்கிக்கிட்டாங்கன்னு தொழிலாளிங்க சாட்சி சொன்னது புத்தகத்துல ஏறியிருக்குது. உன்ற ஆபீசுச் சுவத்துக் கடிகாரம் காத்தால அஞ்சு நிமிசம் வேகமா ஓடுது, ராத்திரி ஆனா சரியாயிருதுன்னு கைமடிக்காரப் புள்ள ஒண்ணு சொல்லுச்சு. பேட்டரிக் கோளாறா இருக்கும். நான் ஒண்ணும் சொல்லல.

உன்ற மெசினு பண்ணற கூத்தும் காதுக்கு வந்துச்சு. எட்டு இருவத்தஞ்சுக்கே கேட்டுக்குள்ள வந்த நாப்பது பேரு வரிசையில நிக்கறாங்க. ஆளுக்குப் பதினஞ்சு நொடி. கடைசி ஆளு மூஞ்சியக் காட்டறப்ப மணி எட்டு முப்பத்தஞ்சு. அவன் லேட்டு. பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்த அயர்ன் மாஸ்டரைப் பாத்து நீ யாருன்னு கேட்டுச்சாமே? அவரும் பத்து வருசமா உன்ற கம்பெனியிலதான் இஸ்திரிப்பொட்டி புடிக்கறாரு. முருகனுக்குக் குடுத்த முடிக்கு உன்ற கம்பெனியில அரை நாள் சம்பளம் போச்சு.

அட, அந்த அரை நாள் சம்பளத்துக்கு வருவோம். அஞ்சு நிமிசம் லேட்டானா அரை நாள் புடிக்கறியாமே, இந்த ரோசனை யாரு குடுத்தா? ஆடிட்டரு குடுத்திருக்க மாட்டாரு. வெள்ளைக்காரன் 1936லயே சம்பளப் பட்டுவாடாவுக்குச் சட்டம் போட்டு வெச்சான். எவ்வளவு நேரம் வேலை செய்யலியோ அந்த நேரத்துக்கு உண்டான காசத்தான் கழிக்கலாம், அதுக்கு மேல கை வெக்கக் கூடாது. தனியா அபராதம்னு போடறதா இருந்தா அதுக்கும் அளவு இருக்குது. அப்ப ரூவாய்க்கு அரையணா, அப்பறம் நூத்துக்கு 3. புதுசா வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் அதே 3தான். வாரத்துக்கு 3,000 ரூவா வாங்கறவங்கிட்ட 90 ரூவாய்க்கு மேல அபராதம் போட முடியாது. அதையும் அவன் தரப்பக் கேட்டுட்டுத்தான் போடோணும், நோட்டுல எழுதி வெக்கோணும். அந்தக் காசத் தொழிலாளிங்க நல்லதுக்குத்தான் செலவு பண்ணோணும். நீ அதுல ஆபீசு ரூமுக்கு ஏசி மாட்டுனேன்னு ஊருக்குள்ள பேச்சு. பொறாமையில பேசறவன் பேசுவான்.

சட்டத்தை உடு, அது வக்கீலுக்கு. அபராதத்துல இன்னொரு சங்கதி இருக்குது. இஸ்ரேல்ல ஹைஃபான்னு ஒரு ஊரு. அங்க புள்ளைங்களப் பாத்துக்கற பள்ளிக்கூடத்துல சாயங்காலம் அப்பன் ஆத்தா லேட்டா வந்து கூட்டிட்டுப் போறாங்கன்னு டீச்சருக்கெல்லாம் ரோதனை. ரெண்டு பொருளாதார வாத்தியாருங்க பரிச்சை வெச்சுப் பாத்தாங்க. பத்து நிமிசத்துக்கு மேல லேட்டானா 10 ஷெக்கல் அபராதம். லேட்டு கொறையும்னுதானே நீயும் நெனைப்பே? ரெண்டு பங்காப் போயிருச்சு! டீச்சரு காத்துக்கிட்டு இருக்குமேன்னு முந்தி ஒரு கூச்சம் இருந்துச்சு. இப்பதான் காசு கட்டறமே, இன்னுஞ் சித்தெ இருக்கட்டும்னு உட்டுட்டாங்க. கூத்து அதோட நிக்கல. அபராதத்த எடுத்த பொறகும் அந்தக் கூச்சம் திரும்பி வரல. 2000ல இத எழுதி அச்சுப் போட்டுட்டாங்க. நீயும் உன்ற கம்பெனியில லேட்டுக்கு ரேட்டுக் கார்டு போட்டு மாட்டியிருக்கறே. அரை நாள் காசு போச்சுன்னு தெரிஞ்சவன் எதுக்கு எட்டு முப்பத்தாறுக்கு ஓடி வாறான்? டீக்கடையில பேப்பரு படிச்சுப்போட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மேலதான் வாறான். அவன் பண்ணறதுதான் சரியான கணக்கு.

அடுத்தாப்பல திங்கக்கெழமை. திங்கக்கெழமையானா மெசினு பாதி காலியா நிக்குதுன்னே. ஞாயித்துக்கெழமை குடிச்சுப்போட்டுக் கெடக்கறானுங்கன்னே. உண்மைதான், குடிக்கறவன் இருக்கறான். இங்கிலாந்துலயும் ஒரு காலத்துல தறிக்காரன், செருப்புத் தைக்கறவன் எல்லாம் திங்கக்கெழமைய ஒரு சாமியாராட்டம் ஆக்கி, "செயின்ட் மண்டே"ன்னு பேரு வெச்சு நோம்பி கொண்டாடியிருக்கறாங்க. வாரக்கூலி எங்க உண்டோ அங்க இந்தச் சாமியும் உண்டு. ஆனா உன்ற கம்பெனியில சனிக்கெழமை சம்பளம் எப்ப போடறே? எட்டரைக்கு வேலை முடியுது. "கேஷியர் பேங்க்கு போயிருக்கறாரு"ன்னு ஒம்பதரை வரைக்கும் நிறுத்தறே. அப்பறம் நீ வந்து கையெழுத்துப் போட்டுப் பத்து மணி. மளிகைக்கடை சாத்தியாச்சு, ஊருக்குப் போற கடைசி பஸ்சும் போயாச்சு. ஊத்துக்குளிப் பக்கமிருந்து வர்ற பொம்பளைங்க ஷேர் ஆட்டோவுக்குக் காசு சேத்துக்கிட்டு நிக்கறாங்க. ஞாயித்துக்கெழமை பாதி நாளு சந்தைக்கும் ரேசன் கடைக்குமே போயிருது. துணி தொவைக்கவும் ஒடம்பு வலிக்குப் படுக்கவும் அவிங்களுக்குத் திங்கக்கெழமைதான் கெடைக்குது.

இதையே அந்தக் கார் கம்பெனி ஃபோர்டு கொஞ்சம் வேற மாதிரி பாத்தாரு. 1913ல அவரு கம்பெனியில 14,000 ஆளு வேலையில நிக்கோணும்னா வருசத்துக்கு 52,000 பேர வேலைக்குச் சேக்க வேண்டியிருந்துச்சாம். சேந்தவன் நிக்கறதில்ல, நின்னவன் வர்றதில்ல. உன்ற மாதிரி மெசினு மேல மெசினு வாங்கிப் பாத்திருக்கலாம், காசுக்கா பஞ்சம்? 1914 ஜனவரியில கூலிய ஒரு நாளைக்கு 5 டாலருன்னு ஏகதேசம் ரெட்டிப்பாக்கி, ஒம்பது மணி நேர வேலைய எட்டாக்கிப்போட்டாரு. கேட்டுக்கு முன்னால கூட்டம் முண்டுச்சு, உள்ள இருந்தவன் போறதும் நின்னுச்சு. அவரு ஒண்ணும் தருமராசா இல்ல. அந்தக் காசு வாங்கறவன் ஊட்டுக்குள்ள எட்டிப்பாத்து, குடிக்கறானா, ஊடு சுத்தமா இருக்குதான்னு வெசாரிக்கறதுக்குன்னே தனி எலாகா வெச்சிருந்தாரு. காப்பியடிக்கறதா இருந்தா மொதப் பாதிய மட்டும் காப்பியடி. உன்னையப் பத்தி எனக்குத் தெரியும், நீ ரெண்டாவதுதான் எடுத்துக்குவே.

"வந்தாலும் வேலை ஓடல"ன்னு சொன்னதுக்கு இப்ப வர்றேன். சங்கதி இங்கதான் நெறைய இருக்குது.

திங்கக்கெழமை காத்தால எட்டரைலருந்து ஒம்பதே கால் வரைக்கும் நீ ஊக்கம் ஊட்டற மீட்டிங்கு போடறியாமா. கோயமுத்தூர்லருந்து ஒருத்தரு கோட்டுப் போட்டுக்கிட்டு வந்து கைதட்டச் சொல்றாராம். நாப்பது பேரு, ஆளுக்கு முக்கா மணி நேரம். பெருக்கிப் பாரு, முப்பது மணி நேரம். ஒரு டெய்லரு நாலு நாளு தைக்கற தையலக் கைதட்டியே தீத்துப்போட்டு, அப்பறம் டீ குடிக்க ஏழு நிமிசம் எதுக்குன்னு கேக்கறே.

மீட்டிங்கு முடிஞ்சு பவர் டேபிள்ல போயி உக்காந்தா பீசு இல்ல. கட்டிங் மாஸ்டரு கையக் கட்டிக்கிட்டு நிக்கறாரு, ஏன்னா துணி இன்னும் காம்பாக்டிங்லருந்து வரல. துணி வந்தா லேபிள் வரல. லேபிள் வந்தா சீமையில இருக்கற பையரு கழுத்துப்பட்டி அளவ மாத்திப்போட்டான். ஓவர்லாக் அடிச்ச பண்டலு மலையாக் குமிஞ்சு கெடக்குது, பிளாட்லாக்காரன் சும்மா உக்காந்திருக்கறான். பீஸ் ரேட்டுல தைக்கறவனுக்கு இந்த நேரத்துக்கெல்லாம் காசு உண்டா? இல்ல. அப்ப அவன் எட்டரைக்கு வந்து எதுக்கு உக்காரோணும்? பதினோரு மணிக்குத்தான் பீசு வரும்னு அவனுக்குத் தெரியும், பதினோரு மணிக்கு வாறான். அவனாட்டம் நேரம் தெரிஞ்சவன் உன்ற கம்பெனியிலயே கெடையாது.

2011 ஜனவரியில நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி உட்டாங்கன்னு ஐகோர்ட்டு சாயப்பட்டறையெல்லாம் மூடச் சொன்னது ஞாபகம் இருக்குதா? நீ அப்பத்தான் மீசை மொளைச்சு உங்கப்பன் கம்பெனிக்கு வந்து போயிக்கிட்டு இருந்தே. அன்னைக்கும் ஆளுங்க எட்டரைக்குத் தூக்குப்போசியோட வந்தாங்க. துணிதான் வரல.

என்ற தோட்டத்துச் சங்கதி ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. த்ரீபேஸ் கரண்டு மொறை வெச்சுத்தான் வருது. சில நாளைக்கு நடுச்சாமம் ரெண்டு மணி. 1990லருந்து எங்களுக்கு பில்லு கெடையாது, அதனால ஏன் இந்த நேரத்துல உடறீங்கன்னு கேக்க வாயும் கெடையாது. ஆனா இந்த வயசுலயும் ஒருத்தர் எழுப்பாம எந்திரிச்சு, டார்ச்சு லைட்டு எடுத்துக்கிட்டு மோட்டாரு போடப் போறேன். என்ற மூஞ்சியப் பாக்கறதுக்கு அங்க ஒரு மெசினும் இல்ல. போனாத் தண்ணி வரும், வாழை நனையும், அவ்வளவுதான். அதே கரண்டு நாலு ராத்திரி சேந்தாப்பல ஏமாத்துச்சுன்னு வெய்யி, அஞ்சாவது ராத்திரி நானும் போர்வைய இழுத்துப் போத்திக்குவேன். அப்ப என்னையச் சோம்பேறின்னு ஈபீக்காரன் சொன்னா ஒத்துக்குவியா? உன்ற கம்பெனியில நேரத்துக்கு வந்தவனுக்கு வேலை தயாரா இருக்கோணும், கூலி தயாரா இருக்கோணும், ஊட்டுக்குப் போற நேரமும் தயாரா இருக்கோணும். இதுல ஒண்ணு தவறுனாலும் ரெண்டாவது வாரமே அவன் கண்டுபுடிச்சுருவான்.

போற நேரம்னதும் உனக்கு மொகம் மாறுது பாரு. வர்றதுக்கு எட்டரைன்னு சுவத்துல எழுதி வெச்சிருக்கறே. போறதுக்கு எங்கயாவது எழுதி இருக்குதா? ஷிப்மென்ட்டுன்னா ஒண்ணரை ஷிப்டு, எட்டரைலருந்து எட்டரை. ரொம்ப அவசரம்னா விடிய விடிய. 1948 பேக்டரிச் சட்டத்துலருந்தே வாரத்துக்கு 48 மணி நேரம், அதுக்கு மேல ஆனா ரெட்டைக் கூலி. உன்ற கணக்குல அது ஒத்தைக் கூலியும் ஒரு பரோட்டாப் பொட்டலமும். 2023ல பன்னெண்டு மணி நேர வேலைக்கு வழி பண்ணி ஒரு மசோதாவச் சட்டசபையில நெறைவேத்திப்போட்டு, எதுப்பு வந்ததும் கொஞ்ச நாள்லயே வாபஸ் வாங்குனாங்களே, அன்னைக்கு ஊரே பேசுச்சு. நீ மட்டும் பேசல. உனக்கு எதுக்கு மசோதா?

பொம்பளை ஆளுங்க கணக்கு தனி. உன்ற லைன்ல பாதிக்கு மேல அவிங்கதான். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முந்தி உன்ற கேட்டு தொறக்குது. நடுவுல இருக்கற அந்தச் சித்த நேரத்துக்குப் புள்ளைய யாருகிட்ட உடறது? மாமியா இருக்கறவ உட்டுட்டு வாறா. இல்லாதவ பள்ளிக்கூடத்துக் கேட்டுல நின்னுபோட்டு ஓடி வாறா, உன்ற மெசினு அவளச் செவப்புல காட்டுது. சர்க்காரு 2022ல காலைச் சோறு போட ஆரம்பிச்சு, அடுத்த வருசம் எல்லா அரசாங்கத் தொடக்கப் பள்ளிக்கும் கொண்டாந்தாங்களே, நேரத்தோட வர்ற பொம்பளைங்க சில பேரு அதனாலதான் வர்றாங்க. டவுன் பஸ்சுல 2021லருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இல்ல, அதுவும் ஒரு ஒத்தாசை. சர்க்காரு இவ்வளவு பண்ணியிருக்குது. நீ பண்ணுனது என்ன? முப்பது பொம்பளைங்களுக்கு மேல இருந்தாப் புள்ளைங்களுக்குத் தொட்டில் ரூம் வெக்கோணும்னு அந்தப் பழைய பேக்டரிச் சட்டமே சொல்லுச்சு. நீயும் வெச்சிருக்கறே, பாத்தேன். கதவுல எழுதி இருக்குது, உள்ள அட்டைப்பொட்டி அடுக்கி இருக்குது. இன்ஸ்பெக்டரு வர்ற அன்னைக்கு மட்டும் பொட்டிய எடுத்துப்போட்டுத் தொட்டில் கட்டுவே. அந்தப் பொட்டியக் குடோனுக்குத் தள்ளி, ஒரு ஆயாவுக்குச் சம்பளம் குடு. மெசினு வெலையில ஒரு வருசச் சம்பளம் தேறும்னு நெனைக்கறேன், வெலை நீதான் சொன்னே.

வடக்கத்திப் பசங்க மட்டும் ஒழுங்குன்னு மெச்சிக்கிட்டே. கம்பெனி மேல்மாடியில படுக்கறவன் லேட்டா வர்றதுக்கு வழி எங்க இருக்குது, படி தடுக்குனாத்தான் உண்டு. ஆனா ஹோலிக்கு, சட் பூஜைக்குன்னு ஊருக்குப் போனவன் சொன்ன தேதிக்கு வரலீன்னு குதிக்கறே. தன்பாத் எக்ஸ்பிரஸ்சுல முன்பதிவில்லாத பெட்டியில ஒரு தடவை ஏறிப் பாரு மாப்ளே. நேரத்தப் பத்தி உனக்கு இருக்கற அபிப்பிராயம் கொஞ்சம் மாறும்.

துணி ஏன் லேட்டுன்னு சாயப்பட்டறைக்காரருகிட்ட நானே கேட்டேன், கண்ணாலத்துல பக்கத்து எலையில உக்காந்தாரு. "உங்க மருமகன் போன நோம்பிக்குப் போட்ட சாயத்துக்கே இன்னும் காசு வரலீங்"ன்னாரு. எனக்குப் பாயசம் எறங்கல. சின்னத் தொழில்காரனுக்கு அதிகபட்சம் 45 நாள்ல பணம் பட்டுவாடா பண்ணோணும்னு 2006லயே சட்டம் இருக்குது. குடுக்காத பாக்கிய அந்த வருசத்துச் செலவாக் காட்ட முடியாதுன்னு 2024ல வருமான வரிக்காரனும் சேந்துக்கிட்டான். நீ லேட்டாக் குடுக்கறே, அவரு லேட்டாத் துணி குடுக்கறாரு, கட்டிங்கு லேட்டு, தையலு லேட்டு. கடைசியில அஞ்சு நிமிசம் லேட்டா வந்த கைமடிப் புள்ளைக்கு அரை நாளு கட்டு. பையரே மூணு மாசம் கழிச்சுத்தான் பணம் போடறான்னு நீ சொல்லுவே. நெசந்தான், அவனுக்கு ஒரு மெசினு மாட்ட முடியாது. சீமைக்காரன் சட்டைப்பையில கை வெக்க முடியாதவன் நம்மூரு தூக்குப்போசியில கை வெக்கறான்.

உன்ற ஆளுங்க எல்லாரும் யோக்கியன்னு நான் சொல்ல வரல. பாத்ரூமுக்குள்ள போயி இருவது நிமிசம் செல்போன்ல ஆட்டம் பாக்கறவன் இருக்கறான். ஒரே பாட்டிய வருசத்துக்கு மூணு தடவை சாகடிக்கறவன் இருக்கறான், அந்தக் கெழவி போன வாரம் சந்தையில எங்கிட்ட வெத்தலைக்குப் பேரம் பேசுனா. கூட்டாளிக்கும் சேத்து வருகை போட்டுக் குடுத்த சூப்பர்வைசர உனக்குத் தெரியுமோ தெரியாதோ, டீக்கடைக்குத் தெரியும். இவிங்களக் கண்டிக்கத்தான் வேணும். ஆனா கண்டிக்கறவன் வாயில ஒரு சுத்தம் வேணும் பாரு. பத்தரைக்குக் காரு உட்டு எறங்கி "டைம் என்ன ஆச்சு?"ன்னு நீ சத்தம் போட்டா, ஒருத்தனாவது சிரிக்காம இருக்கறது உன்ற காசுக்காகத்தான்.

மெசினத் திருப்பிக் குடுக்க வேண்டாம், வாங்குனது வாங்குனதுதான். வர்ற சனிக்கெழமை மட்டும் ஒரு காரியம் பண்ணு. மத்தியானமே பேங்க்குக்கு ஆளனுப்பி, ஏழு மணிக்கெல்லாம் சம்பளத்தப் போட்டு அனுப்பிரு. திங்கக்கெழமைக்கான கட்டிங்க அன்னைக்கே அடிச்சு டேபிள் மேல வெச்சுரு. திங்கக்கெழமை நீ எட்டே காலுக்குப் போயி கேட்டுல நில்லு, போன் பேசாம நில்லு. எத்தனை பேரு வந்தாங்கன்னு எண்ணிப்போட்டு எனக்கு போன் பண்ணு. அப்படியும் வராதவன் நாலஞ்சு பேரு இருப்பான். அவனுங்க பேர எழுதி வெய்யி, வந்து திட்டறதுக்கு நானாச்சு. பஸ் செலவு உன்னுது, மத்தியானச் சோறும் உன்னுது, அதையும் ஒரு மணிக்குள்ள போட்டுரு.